சிவப்பு மையில் ஓர் ஒப்புமை

அவையை வழிநடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, வேலை முடித்துச் சீருடையோடு வந்திருக்கும் தாய்மார்களே, நம் ஆங்கிலப் பயிற்சி மையத்தின் மாணவர்களே, வணக்கம்.

பின்வரிசையில் ஒருவர், "டீச்சர், சத்தமா பேசுங்க" என்கிறார். முயல்கிறேன் ஐயா. சத்தமாகச் சொல்லும் செய்தி அல்ல இது.

ஆங்கிலத்தில் ஒப்புமை சொல்ல 'லைக்'. வேற்றுமை சொல்ல 'அன்லைக்'. இரண்டையும் நான்தான் கற்பித்தேன். எப்படிக் கற்பித்தேன்? பாடநூலில் பூனையும் நாயும் இருந்தன. எனக்குப் போதவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்துகொண்டே இங்கே படிக்கும் ஓர் அக்காவையும் தங்கையையும் கரும்பலகை முன் நிறுத்தினேன்.

அக்காவைப் போலன்றித் தங்கை தாமதமாக வருகிறாள். அக்கா எழுதி முடிக்கிறாள், தங்கையோ திணறுகிறாள். தினம் ஒரு வாக்கியம். மூன்று வாரம். நம் வகுப்பில் படிக்கும் ஓட்டுநர் ஒருவர் தங்கையை "வாம்மா உதாரணம்" என்றே அழைத்தார். தலைகுனியாதீர்கள் ஐயா. சிரிக்க வைத்தவள் நான்.

ஏன் தாமதம் என்று கேட்டேனா? ஒருமுறை கேட்டேனா? ஒரே ஒருமுறை?

தேர்வு வைத்தேன். ஐந்து வேற்றுமை வாக்கியங்கள். அவள் ஒன்றே ஒன்று எழுதியிருந்தாள்: என் அக்காவைப் போலவே நானும் நர்ஸ் ஆக விரும்புகிறேன்.

அடித்தேன். சிவப்பு மையில். 'கேட்டது வேற்றுமை' என்று பக்கத்தில் எழுதினேன்.

மறுநாள் அக்கா மட்டும் வந்தாள்.

"அவ இனிமே வர மாட்டா டீச்சர். நான் நேரத்துக்கு வரணும்னு என் பங்குத் துணியையும் அவதான் மடிச்சுக்கிட்டு இருந்தா. ஒருத்தி படிச்சா போதும்னு சொல்லிட்டா."

சலவைக்கூடத்துக்குப் போனேன். விரிப்புகளின் வெண்மைக்கு நடுவே தங்கை நின்றிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதும், "பரவால்ல டீச்சர், நீங்க கிளம்புங்க" என்றாள்.

போன வெள்ளிக்கிழமையோடு நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாள் முடிந்தது. அந்த வீட்டிலிருந்து ஒரு பெயர்தான் போயிருக்கிறது. அந்தப் பெயருக்குரியவள் சற்றுமுன் இங்கே முதல் பரிசு வாங்கினாள். நீங்கள் கைதட்டினீர்கள். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் வரிசையில் இருக்கும் அம்மா, உங்கள் இளைய மகளின் நோட்டு என்னிடம் இருக்கிறது. சிவப்பு மை அழியாது. அந்த வாக்கியத்தின் அருகில் 'சரி' என்று எழுதியிருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் திறந்து பார்க்காமலே வைத்துவிடலாம். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

இனி என் வகுப்பில் பூனையும் நாயும் போதும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இந்நேரம் இரண்டு பேரின் துணியை மடித்துக்கொண்டிருப்பவளுக்கு என் வணக்கம்.