தம்பியை மன்னித்த கதை

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்பவனுக்கு முதுகு சாய்க்க ஓர் இடம் கிடைப்பதே பெரிய உபகாரம். என்னை யாரும் வற்புறுத்தி அழைத்து வரவில்லை. சொல்வதைப் பிறகு மாற்றிச் சொல்லப்போவதும் இல்லை. அதற்கான தெம்பு என்னிடம் இல்லை.

மீன் ஏற்றுமதிக் கிடங்கில் உறைபதன அறை என் பொறுப்பில் இருக்கிறது. அதனுள் நுழையும் ஒவ்வொருவரும் தமது அடையாள வில்லையைக் கதவருகே உள்ள ஆணியில் மாட்டவேண்டும். வெளியே வரும்போது எடுத்துக்கொள்ளவேண்டும். கதவை அடைப்பவர் முதலில் ஆணிகளைப் பார்க்கவேண்டும். பின்பு உள்நோக்கிக் குரல் கொடுக்கவேண்டும். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி உடைந்துபோய் நெடுநாளாயிற்று. மேலாளரிடம் சொன்னபோது, "ஏம்ப்பா, மீனா திறந்துக்கிட்டு ஓடப்போகுது?" என்று சிரித்தார். எனவே நான் அவ்விரண்டு விதிகளையும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்றும் தவறவிடவில்லை.

எனக்கு ஒரே ஒரு தம்பி. தந்தை பக்கவாதத்தில் படுத்த ஆண்டில், வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவன் திரும்பிப் பார்க்கவில்லை. தந்தையைக் குளிப்பாட்டியதும், ஊட்டியதும், துணி மாற்றியதும் நானே. கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வையும் போயிற்று. என் கை பட்டதும் தம்பியின் பெயரைச் சொல்லி, வந்துவிட்டாயா என்று கேட்பார். இல்லை, நான் பெரியவன் என்று சொல்லிப் பார்த்தேன். சொன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு கஞ்சியைத் துப்பினார். ஆகவே, வந்துவிட்டேன் என்று சொல்லப் பழகினேன். இறக்கும் தறுவாயில் என் விரல்களைப் பற்றிக்கொண்டு, "நீ ஒருத்தன் இருந்ததாலதான்டா இவ்வளவு நாள் கிடந்தேன். உங்கண்ணன் எட்டிக்கூடப் பாக்கல" என்றார்.

அதற்காக நான் அவர்மேல் வருத்தப்பட்டதில்லை.

அதன்பிறகு உறக்கம் பிடிக்காமல் அலைந்த நாட்களில் ஒருவர் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், மனைவியைப் பறிகொடுத்தவர், தம் வீட்டு மாடியறையில் வாரந்தோறும் அதை நடத்திவந்தார். இழந்ததைப் பற்றி ஒருவர் பேசுவார். யாரை மன்னித்தார் என்பதையும் சொல்வார். மற்றவர்கள் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். நடத்துநருக்குப் பழக்கம் விடவில்லை. "அழறவங்க முன்னால வாங்க, சும்மா வந்தவங்க உள்ள தள்ளிப் போங்க, படியில யாரும் தொங்காதீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிவதற்குள் யாரேனும் ஒருவர் அழத் தொடங்கியிருப்பார்.

என் முறை வந்தபோது தந்தையைப் பற்றிச் சொல்லவே வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் கதையில் நான் மன்னித்தவர் என்று எவரும் இல்லை. அதனால், என் தம்பி இறந்துவிட்டான் என்று சொன்னேன். முன்பு நான் வேலை பார்த்த கிடங்கில், உடன் வேலை செய்தவர் ஆணியைக் கவனிக்காமல் கதவை அடைத்துவிட்டதாகவும், நான் அவர் வீட்டுக்கே சென்று, அவர் தோளைத் தொட்டு, ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னேன். பின்பு ஒவ்வொருவராக எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். என் கையை, ஐயா. என் பெயரைச் சொல்லி.

அவர்களுள் தையல் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் இருந்தார். பின்னோக்கி வந்த லாரியில் அடிபட்டு அவருடைய ஒரே மகன் இறந்துபோனான். அந்த ஓட்டுநர் அடிக்கடி வந்து தெருமுனையில் நிற்பானாம். இவர் சன்னலை அடைத்துவிடுவாராம். என் கதையைக் கேட்டபிறகு அவனை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்க தம்பி போனதே எனக்காகத்தானோன்னு தோணுது" என்றார். இப்போது அந்த ஓட்டுநர்தான் அவருடைய துணிமூட்டைகளைக் கடைக்குச் சுமந்து செல்கிறான். மதியச் சாப்பாடும் அங்கேதான்.

விடுமுறைக்கு முந்தைய நாள், எல்லோரும் கிளம்பிய பின்பு, என் தம்பி கிடங்கு வாசலில் வந்து நின்றான். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் அழுதான். "திட்டிடுண்ணா. நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சிடு. பேசாம மட்டும் இருக்காத" என்றான். எனக்குக் கோபமே வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் வாரந்தோறும் செல்லும் கூட்டத்தைப் பற்றி அண்டைவீட்டார் அவனிடம் சொல்லியிருந்தார்கள். "நாளைக்கு நானும் வரேன். அத்தனை பேர் முன்னாலயும் உன் கால்ல விழணும்ணா. அப்பதான் எனக்கு மனசு ஆறும்."

தையற்கார அம்மாளை நினைத்துக்கொண்டேன். இறந்தவன் மாடிப்படி ஏறி வந்தால், அவர் கொடுத்த தண்ணீருக்கும் சோற்றுக்கும் என்ன பொருள் இருக்கும்? ஒரு தாய் அரும்பாடுபட்டுத் திறந்த கதவை என் பொருட்டு மீண்டும் அடைக்கலாமா? நீங்களும் பிள்ளை பெற்றவர், உங்களுக்குப் புரியும்.

உறைபதன அறையின் கடைசி வரிசையில் சில பெட்டிகளை அடுக்கவேண்டும் என்று அவனிடம் சொன்னேன். நான் எழுவதற்குள் அவனே எழுந்தான். "நீ உக்காருண்ணா. இத்தனை வருஷம் நீ தனியாத்தானே சுமந்த" என்று சொல்லி உள்ளே போனான். உள்ளே போகும்போது குளிருக்குப் போடும் கனத்த மேற்சட்டை என் தோளில்தான் இருந்தது.

விதிப்படி ஆணிகளைப் பார்த்தேன். ஒன்றிலும் வில்லை இல்லை. அவன் எங்கள் தொழிலாளி அல்லவே. விதிப்படி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று குரலும் கொடுத்தேன்.

"நான் இருக்கேண்ணா" என்றான்.

அந்தச் சொல்லுக்காகத் தந்தையின் கட்டிலருகே எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அப்போது எண்ணிப் பார்த்தேன். பிறகு கதவை அடைத்தேன்.

மறுநாள் கூட்டத்துக்குச் சென்றேன். தையற்கார அம்மாள் அந்த ஓட்டுநருக்குச் சட்டை தைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

உங்கள் காவலர்கள் அவனை அடையாளம் தெரியாதவன் என்கிறார்கள். அவன் என் தம்பி, நான்தான் அடைத்தேன். இதை அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொன்னால் அந்த ஓட்டுநர் மறுபடியும் தெருமுனையில் நிற்கவேண்டிவரும். அந்தப் பாவம் உங்களைச் சேரும்.

மற்றபடி என் மனத்தில் பகை என்று ஒன்றும் இல்லை, ஐயா. அவன் கதவைத் தட்டத் தொடங்கியபோதே அவனை மன்னித்துவிட்டேன். தட்டுவது நிற்கும்வரை அங்கேயே நின்று, மன்னித்துக்கொண்டே இருந்தேன்.