சஸ்பெண்டு வரி

தண்ணியெல்லாம் வேண்டாமுங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சென்னகேசவண்ணா. நா எழுதிக் குடுத்த தாள்ல பத்து வரி. கல்லுல ஒம்பதுதான் இருக்குது. ஒரு வரி எங்க போச்சுங்க?

எடம் பத்தலையா? அடியில ஒரு சாண் சும்மா கெடக்குது, அதுல பூவு வேற செதுக்கி வெச்சிருக்கறீங்க. நா பூ கேட்டனா?

சும்மா மழுப்பாதீங்க. என்ற கொழுந்தனாரு போன் பண்ணியிருப்பாரு. ஆமாங்களா? தெரியுமுங்க. குடும்ப மானம் போயிருமாமா. செத்தவரு என்ற ஊட்டுக்காரரு ஜெரோம். தாளு எழுதுனது அவரு சம்சாரம் பொற்கொடி, நானு. நடுவுல அவரு யாருங்க?

இங்க பாருங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுல சிப்பாய், நாயக், ஹவில்தார். பதினேழு வருசம் பட்டாளம். பொறகு பவானியில விஏஓ, வெள்ளகோவில்ல ஆர்ஐ, கடைசியில துணைத் தாசில்தார். எழுத்து நல்லாத்தான் இருக்குது, கொறை சொல்லலீங்க. ஆனா ஆர்ஐக்குக் கீழ, துணைத் தாசில்தாருக்கு மேல, ரெண்டு வருசம் சஸ்பெண்டுன்னு எழுதியிருந்தனே?

இப்படி வரிசையா வெட்டோணும்னு என்ற ஊட்டுக்காரருக்கு ஆசை வந்ததே ஒரு ரோம்காரனப் பாத்துத்தானுங்க. நம்ம பக்கம் கெடச்ச ரோம் காசெல்லாம் கோயமுத்தூர்ல கண்காட்சி வெச்சிருந்தாங்க. அங்க ஒரு கல்லறைக் கல்லோட போட்டோ. ரெண்டாயிரம் வருசத்து ஆளு, அந்த ஊருல குதிரை வெச்சிருக்கற பெரிய மனுசங்க வகுப்பாமா. மொதல்ல காலாட்படைக்கு அதிகாரி, அப்பறம் குதிரைப்படைக்கு, அப்பறம் ராசாவுக்கு வரி வசூல். ஒண்ணு விடாம வெட்டியிருக்குது. இவனும் என்னயாட்டவே பட்டாளம் முடிச்சு ரெவின்யூவுக்கு வந்திருக்கறான்னு இவருக்கு ஒரே சிரிப்பு. பொறகு சொன்னாரு, இத்தன வருசத்துல இவன ஒருத்தன்கூட சஸ்பெண்ட் பண்ணலையே கொடி, எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பானாட்ட இருக்குதுன்னு.

அசிங்கமுங்களா? எதுங்க அசிங்கம்? லஞ்சம் வாங்கியா மாட்டுனாரு? சைட்டு போடறவனுக்கு ரோட்டோரமா மூணு ஏக்கரா வேணும். அது வெறும் தரிசு, அங்க ஒண்ணுமே இல்லைன்னு ரிப்போர்ட்ல கையெழுத்துக் கேட்டாங்க. மேல இருந்து போன் மேல போன். இவரு போடமாட்டேன்னுட்டாரு. அவ்வளவுதான், ஏதோ ஒரு ஃபைலக் காணோமுன்னு சொல்லி ஊட்டுல உக்கார வெச்சுப்போட்டாங்க. அந்த ரெண்டு வருசம் ஒரு சொந்தக்காரன் எங்க வாசப்படி ஏறலைங்க. இன்னைக்கு மானம் பேசறாரே, அந்தக் கொழுந்தனாருந்தான். மத்த உத்தியோகமெல்லாம் கவர்மெண்டு குடுத்தது. இது ஒண்ணுதான் அவரு சம்பாரிச்சது.

நடுவுல நொழைக்க எடமில்லீங்களா? அப்பக் கல்லத் திருப்பிப் போட்டு மறுபக்கம் மொதல்ல இருந்து வெட்டுங்க. பத்து வரி. பூ வேண்டாம்.

ஞாயித்துக்கெழம நடோணும், வண்டி நா அனுப்பறேன். எந்த எடமுங்களா? அதே மூணு ஏக்கராதானுங்க. எங்க சனத்துக் கல்லறைத் தோட்டம். போன மாசம் அவர அங்கதான் பொதைச்சோம்.