ஐந்து மணி வரைக்கும்

உங்கள் எழுத்தர் பேனாவை இப்படி அழுத்திப் பிடித்தால் மதியத்துக்குள் விரல் வீங்கிவிடும். கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இருபத்தாறு வருடம் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவன் சொல்கிறேன், கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டார். நான் நிதானமாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், அடித்தல் திருத்தல் வராது.

முதலில் ஐயாவைப் பற்றி. இந்த ஊரின் காவல் அதிகாரியாக அவர் இருந்தவரை, பூட்டை மறந்துவிட்டு வெளியூர் போனவர்கள்கூட நிம்மதியாகத் தூங்கினார்கள். முப்பத்து நான்கு வருடப் பணி. அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரே ஒரு கரும்புள்ளி, அதுவும் என்னால் வந்தது. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு வழக்குக் கோப்பைத் தொலைத்துவிட்டேன். வேலை போயிருக்க வேண்டும். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஐயா, "கோப்பு என் மேஜைலதான் சார் இருந்துச்சு, இவன் என்ன பண்ணுவான் பாவம்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அன்று என் வீட்டில் அடுப்பு எரிந்தது அவரால்தான். அந்தக் கடன் என் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரே ஒரு வழக்குதான் முடியாமல் நின்றது. கடைத்தெருத் தையல்காரரின் மனைவியைக் காணவில்லை. புகாரை எழுதியது நான். வயது முப்பத்தொன்று, மாநிறம், வீசிங் தொல்லை உண்டு, கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அடையாளங்களை நான் ஒருபோதும் அரைகுறையாக எழுதியதில்லை.

தையல்காரர் திங்கட்கிழமை தவறாமல் வந்துவிடுவார். "ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்பார். அதே கேள்வி, அதே கசங்கிய சட்டை. ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பவர், தன் சட்டைக்குப் பட்டன் தைக்கவில்லை. ஐயா அவரைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்விடுவார். ஒருநாள் என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "இது ஒண்ணும் முடிஞ்சிருந்தா நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்யா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாய் விட்டுக் கேட்கிறவரா அவர்? நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். வருகிறவர்களை ரொம்ப நேரம் உட்கார வைக்கக் கூடாது என்று, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். ஆள் போன பிறகு ஆற அமர நல்ல எழுத்தில் நிரப்புவோம். தையல்காரர் என்னை நம்பி ஏழு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் இரண்டை எடுத்தேன். சண்டையில் ஆத்திரப்பட்டுத் தலையணையால் அமுக்கிவிட்டதாகவும், உடலை ஆற்றில் தள்ளிவிட்டதாகவும் அவர் சொல்வதுபோல எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஐயா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "அவனாய்யா சொன்னான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். கைது செய்யப் போனபோது அந்த மனிதர் ஓடவில்லை. "அப்போ அவ உடம்பு கிடைச்சிடுச்சா?" என்றுதான் கேட்டார். அன்று மட்டும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓய்வு நாளும் வந்தது. மூன்று மணிக்கு எதிர்ச் சாரி மண்டபத்தில் பாராட்டு விழா, ஐந்து மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். பாராட்டுரை என்னுடையது. ஸ்டேஷனில் இருந்த எல்லோரும் நாற்காலி போடப் போய்விட்டார்கள். இரண்டரை மணிக்கு நான் உரையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், வாசலில் தையல்காரரின் மனைவி நிற்கிறாள்.

பேயைப் பார்த்தவன்போல விறைத்துவிட்டேன். அவள் பாட்டுக்குப் பேசுகிறாள். "அண்ணா, நான் செத்துட்டேன்னு பேப்பர்ல போட்டிருக்கு. கோவத்துல போயிட்டேன், வெளியூர்ல ஒரு லாண்டரில வேலை பாத்துட்டிருந்தேன். அவர் ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டாருண்ணா. அவரை விட்டுடுங்க."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவள் தெருவைத் தாண்டி மண்டபத்துக்குள் போனால் என்ன ஆகும்? பொய் வழக்குக்காக ஓய்வு பெறும் நாளிலேயே ஐயாவை சஸ்பெண்ட் செய்வார்கள். முப்பத்து நான்கு வருடமும் மண்ணாய்ப் போகும். இரண்டாவது தடவையும் என்னால். ஐந்து மணி வரைக்கும், வெறும் ஐந்து மணி வரைக்கும் இவள் இல்லாமல் இருந்தால் போதும் என்று என் உடம்பெல்லாம் கெஞ்சியது.

"ஐயா வந்துடுவார்மா, உள்ள உட்காரு" என்று பழைய கோப்புகள் வைக்கும் அறையில் உட்கார வைத்தேன். ஜன்னல் கிடையாது, கதவு இரும்பு. தூசி இருக்கும்தான், ஆனால் வேறு எந்த அறையிலும் வெளிப்பூட்டு இல்லை. "பையை வெளியில வைக்கணும்மா, ரூல்ஸ்" என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். நல்ல பெண்.

விழா சரியாக மூன்று மணிக்கு ஆரம்பித்துவிட்டது. மூன்றரைக்கு, ஐயாவுக்குக் கொடுக்க வேண்டிய கேடயம் ஸ்டேஷனில் என் மேஜையிலேயே இருக்கிறது என்று நினைவு வந்து ஓடி வந்தேன். அந்தக் கதவு தட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பலமாக இல்லை. "அண்ணா... பை..." என்று கேட்டது. பை கேடயத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் கேடயத்தை எடுத்துக்கொண்டேன்.

உரையைப் பிசகில்லாமல் வாசித்தேன். "இவர் முடிக்காமல் விட்ட வழக்கு ஒன்றுகூட இல்லை" என்ற இடத்தில் கைதட்டல் அடங்கவே நேரமானது. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கடிகார முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து போயிருக்கலாம். நாலரைக்குக்கூட எல்லோரும் காபி குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், யாரும் என்னைத் தேடியிருக்க மாட்டார்கள். நான் போகவில்லை. அந்த அறையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஐந்து மணிக்கு ஐயா பொறுப்பை ஒப்படைத்தார். ஐந்தேகாலுக்குக் கதவைத் திறந்தேன். பிறகு நானேதான் ஐயாவை அழைத்து வந்து காட்டினேன். இத்தனை வருடத்தில் அவரிடம் எதையும் மறைத்ததில்லையே. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, நான் கேட்டேனாடா?" என்றார். பெரிய மனிதர். அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை, "ஆமாம், நான்தான் கேட்டேன்" என்று அவர் வாயால் வராது.

தையல்காரரை இன்றே விட்டுவிடுங்கள், நான் தடை சொல்லவில்லை. அந்த இரண்டு தாளும் நான் எழுதியவை. அவளைக் கொன்றதும் நான்தான். எந்தக் கோர்ட்டிலும் சொல்கிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்பது ஒன்றே ஒன்று. டாக்டர் நாலு மணிக்கே உயிர் போய்விட்டது என்கிறாராம். நீங்கள் ஐந்தே கால் என்று போட்டுக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு ஐயா இன்னும் பதவியில் இருந்தார்.