வேத்தூர்க்காரன் கட்டிய பொட்டலம்

எனக்குப் பூச்சரம் தொடுக்க வராதுங்க, இன்ஸ்பெக்டர். நார் கையில நிக்காது, வழுக்கிப் போயிரும். பொட்டலம் மட்டும் நல்லாக் கட்டுவேன். உள்ள என்ன பூன்னு அமுக்கிப் பார்த்தாலும் தெரியாது. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

நீங்க கேட்டதுக்கு ஒழுங்கா வாரேன். என் பேரு ஆத்மநாதன். பல்கலைக்கழகத்து மனோதத்துவ ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. என்ன நடக்கும்னு தெரியாதப்ப மனுஷன் எப்படி முடிவெடுக்கிறான், அதுதான் எங்க ஆராய்ச்சி. அங்க மாணவர்களை உக்கார வெச்சு, பானைக்குள்ள இருந்து வரப்போறது கறுப்புக் கோலியா வெள்ளைக் கோலியான்னு சொல்லச் சொல்வோம். தப்பாச் சொன்னா ஒரு பிஸ்கட் போகும். பிஸ்கட் போனா எவனுக்கு வலிக்கும், சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவானுங்க. எனக்கு வெறுத்துப் போச்சு. பேராசிரியர்கிட்டச் சொல்லி, ஜீப்பை வாங்கிக்கிட்டு இங்கிட்டு வந்தேன்.

திருமயத்துக்குத் தெக்க இந்த ஊர் ஐயனார் கோயில்ல பூப் போட்டுக் கேக்குறது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஆண்டியப்பன் கண்ணை மூடி ஒண்ணை எடுப்பார். வெள்ளை வந்தாச் செய்யலாம், செவப்பு வந்தா வேண்டாம். எடுக்காததைப் பிரிக்காம அப்படியே ஊருணியில போட்டுருவாங்க. உள்ளூர்க்காரன் கட்டினா ஒரு பக்கம் சாய்வான்னு, வேத்தூர்க்காரனைத்தான் கட்டச் சொல்றது. நான் வந்ததும் அந்த வேலை தானா என் கைக்கு வந்துச்சு. மொதல்ல எல்லாம் கெணறு, மாடு, பொண்ணு பாக்குறதுன்னு சின்ன விஷயங்க. ஒழுங்காத்தான் கட்டிக் குடுத்தேன்.

அப்பத்தான் கல்லு ஒடைக்கிற ராக்கனுக்கு அடிவயித்துல வலி வந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனா வயித்தை அறுப்பாங்க. அறுத்தாப் பொழைப்பானா மாட்டானான்னு அவன் பொண்டாட்டி செவந்திக்குப் பயம். பூக் கேக்க வந்தா. நான் ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு அரளியை வெச்சேன். கெட்ட எண்ணம் இல்லைங்க. சாமி வேண்டாம்னுருச்சு, புருஷன் கண்ணு முன்னால துடிக்கிறான். எந்த எடத்துல அவ மனசு மாறும்? அதை நான் பார்க்கணும். சாமி போக்குல விட்டா வெள்ளை வந்தாலும் வந்துரும், அப்புறம் நான் எதைப் பார்க்கிறது.

அவ வீட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். மறுநா காலையில வெளியில வந்தா.

"சார், மனசு கேக்கலை சார். இன்னொரு தடவை கட்டிக் குடுங்க."

"ஒண்ணையே ரெண்டு தடவை கேக்கப்படாதும்மா. ஒங்க ஊர் வழக்கந்தானே அது?"

"ஆமா சார்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ராக்கன் அன்னிக்கே செத்துப் போயிட்டான். அவ மனசு கடைசி வரைக்கும் மாறலை.

அதுக்கப்புறம் என் பாடு பெரும்பாடு. கையில அரளி வாடை. சோப்புப் போட்டுத் தேய்ச்சாலும், சோத்தைப் பிசைஞ்சு வாயில வெச்சா அதுதான் வருது. எங்கிட்டுப் போய் உக்காந்தாலும் ராக்கன் பல்லைக் கடிக்கிற சத்தம் பின்னாலயே வந்துச்சு. செவந்தி என்னை ரெண்டு வார்த்தை வைஞ்சிருந்தாத் தேவலை. அவ என்னடான்னா கூழைக் கொண்டாந்து வெச்சு, "சாமி சொன்னதுக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க? வயித்தைக் காயப் போடாதீங்க"ங்குறா. அழுதுட்டேங்க. இனிமே சாமி காரியத்துல திருட்டுத்தனம் பண்ணக் கூடாதுன்னு ஐயனார் முன்னால விழுந்து சத்தியம் பண்ணினேன்.

காத்தாயி விஷயத்துக்கு வாரேன். அவ செவந்தியோட தங்கச்சி. பிள்ளை குறுக்க நிக்குதுன்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. ஜீப்பு வாசல்ல நின்னுச்சு, பெட்ரோலும் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகலாமான்னு செவந்தி பூவைத்தான் கேட்டா. "நீங்க கட்டினாத்தான் சார் எனக்குத் தெம்பு"ன்னா.

ஒண்ணுல வெள்ளை நந்தியாவட்டை, ஒண்ணுல செவப்பு அரளி. மாறிப் போச்சோன்னு பிரிச்சுப் பார்த்து, மறுபடியும் கட்டினேன். ராக்கனுக்குச் செஞ்ச பாவம் இத்தோட கழிஞ்சு போகும்னு நெனைச்சுக்கிட்டேன். ஆண்டியப்பன் எடுத்தார். செவப்பு.

செவந்தி என் மூஞ்சியையே பார்த்தா. "ஏத்தும்மா வண்டியில"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏத்தியிருப்பா. அது எனக்கும் தெரியும். சொன்னா மறுபடியும் நான் குறுக்க பூந்த மாதிரி ஆயிரும்ல, அதான் வாயைத் தெறக்கலை. சாயங்காலம் வரைக்கும் காத்தாயி கத்திக்கிட்டு இருந்தா. பிள்ளையும் தங்கலை, அவளும் தங்கலை.

ராக்கனைக் கொன்னது நான்தாங்க, எழுதிக்கிடுங்க, கையெழுத்துப் போடுறேன். காத்தாயி விஷயத்துல மட்டும் என் பேரைச் சேர்க்காதீங்க. இந்தத் தடவை நான் ஒரு தப்பும் செய்யலை.