நட்சத்திரம் தொங்கும் வீடு

மழையில் வட்டவளையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள் மேடம், பிளேன்டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். உங்கள் விசாரணை எங்கும் ஓடிவிடாது.

ஆமாம், தேயிலைத் தோட்டப் பெண்களின் பாதுகாப்பு பற்றிய கணக்கெடுப்பைப் பகுப்பாய்வு செய்தது நான்தான். பெயர் எழுதமாட்டோம் என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்தேன், எழுதவும் இல்லை. எங்கள் கள ஊழியர் ரூபிகா ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு வந்த பதில்கள் ஒரு கோப்பில் இருந்தன. எந்த லயத்து வரிசையில் எத்தனை வீடு, என்ன மதம், யார் கங்காணி என்பதெல்லாம் இன்னொரு கோப்பில். தனி ஆளின் பதிலை அவர் வாழும் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். லய எண்ணை வைத்து இரண்டையும் மென்பொருளில் இணைத்தேன். மிகச் சிறிய குழுக்களை மறைத்துவிட வேண்டும் என்பது விதி. மறைப்பதற்கு முன் ஒருமுறை பார்த்தேன்.

கங்காணி தப்பாகத் தொட்டாரா என்ற கேள்விக்கு, மேல் லயத்தில் ஒருத்தி மட்டும் ஆம் என்றிருந்தாள். மதம் கத்தோலிக்கம். அந்த லயத்தில் டிசம்பரில் நட்சத்திர விளக்கு தொங்குவது ஒரே வீட்டில்தான். அங்கிருந்து கொழுந்து பறிக்கப் போகிறவள் மரியநாயகி மட்டும்தான். இதைச் சொல்ல மென்பொருள் தேவையில்லை. அது நான் பிறந்த தோட்டம். கங்காணி செல்லசாமி என் அப்பா.

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாகத்தான் வந்தது. அப்போதும் பெயரை நான் சொல்லவில்லை.

"நட்சத்திரம் தொங்குற வீட்டுல ஒருத்தவங்களுக்கு உங்க மேல வருத்தம்ங்கப்பா," என்று மட்டும் சொன்னேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் பாத்துக்கிறேன்டா," என்றார்.

காலைப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவது அவர்தான். மறுநாளிலிருந்து மரியநாயகிக்கு ஆற்றுக்கு அப்பால் தனி மலை. அந்தப் பக்கம் வேறு யாரும் போவதில்லை, மேற்பார்வைக்கு அப்பா மட்டும் போவார். அது எனக்குத் தெரியும்.

கணக்கெடுப்பின் இரண்டாவது சுற்றின்போது ரூபிகா லீவு. நானே போய் மரியநாயகியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு என்ன பதில் வேணும், தம்பி?"

"உள்ளத சொல்லுங்க."

"இல்லைன்னு போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டேன். மேல் லயத்தில் இப்போது ஒரு புகார்கூட இல்லை. அப்பா திருந்திவிட்டார் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன், ஆதாரத்தோடு.