சபைச் சாவி

இல்லைங்க ஐயா, கோவத்துல ஒண்ணும் எங்க வீட்டுக்காரரு சபைச் சாவியைத் திருப்பிக் குடுக்கல. அவருக்கும் கோவத்துக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. உக்காருங்க. அது வேண்டாம், அந்த நாற்காலிக்குக் கால் ஆடும். ஊரு மிஷினுக்கெல்லாம் பாகம் செய்யறவரு, வீட்டு நாற்காலிக்கு நேரமில்ல. பட்டறையிலேருந்து இன்னும் கொஞ்சத்துல வந்துருவாரு. அதுக்குள்ள சொல்லிடறேன். அவரு இருந்தா என்னைப் பேச விடமாட்டாரு.

உங்ககிட்ட சாவியைக் குடுக்கறப்போ என்ன சொன்னாரு? மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டாரா? அப்படித்தான் செய்வாரு.

நீங்க புதுசா வந்திருக்கீங்க. உங்களுக்கு முந்தின போதகர் காலத்துலேருந்து சபைக் கதவைத் திறக்கறது, பூட்டறது, எல்லாம் இவருதான். ஞாயித்துக்கிழமை முதல் ஆளாப் போயி பெஞ்சைத் துடைச்சு, மைக்கைத் தட்டிப் பாத்துட்டு, கடைசி வரிசையில உக்காந்துக்குவாரு. லேத்துல இரும்பு கடையற கை, என்ன தேச்சாலும் நகக்கண்ணுல கறுப்பு போகாது. அந்தக் கையை மடிச்சு வச்சுகிட்டு, கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவரு மாதிரி இருப்பாரு.

ஆமா, திருவிருந்தும் எடுக்க மாட்டாரு. கவனிச்சுட்டீங்களா? அப்பமும் ரசமும் வச்ச தட்டு வந்தா பக்கத்து ஆளுகிட்டத் தள்ளிருவாரு.

எல்லாம் அந்தப் பழைய போதகர் பண்ண ஒரு பிரசங்கத்துல ஆரம்பிச்சதுங்க. உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே ஆண்டவரு தன் ஜனம் யாரு யாருன்னு தெரிஞ்செடுத்துட்டாராம். அது நம்ம நல்லதனத்தைப் பாத்து இல்லையாம், முழுக்கக் கிருபையாம். எல்லாரும் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இவரு மட்டும் வர்ற வழியில என்னைக் கேட்டாரு, அதுல நான் இருக்கேனான்னு. எனக்கு என்னங்க தெரியும்? நானே அப்பல்லாம் இவருக்குத் துணையா வந்து உக்காந்துட்டு, அடுப்பை அணைச்சோமா இல்லியான்னு யோசிச்சுகிட்டு இருப்பேன்.

அன்னிலேருந்து ஜெபந்தான். முட்டி காச்சுப் போச்சு. அழுது கேட்டாரு, பட்டினி கிடந்து கேட்டாரு. கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு, விழுந்த சத்தங்கூடத் திரும்பி வரலன்னாரு. போதகர்கிட்டப் போயி நின்னாரு. அவரும் பாவம், நல்ல மனுஷன், நீ இவ்வளவு தவிக்கறதே நீ அவரோட பிள்ளைங்கறதுக்கு அடையாளம்னு சொன்னாரு. இவரு மெதுவாக் கேட்டாராம், பசிக்குதுங்கறதே சாப்பாடு ஆகுமாங்கய்யான்னு.

இதுக்கு நடுவுல இவரு தம்பி. அவனைத் தெரியுமில்ல, இப்போ சிறைச்சாலையில போயி ஜெபம் பண்றானே, அவனேதான். சிரிக்காதீங்க, முன்னாடி அவன் உள்ள இருந்து கம்பி எண்ணினவன். குடிச்சுட்டு வந்து இவரு சட்டையைக் கிழிச்சிருக்கான், அம்மாவைத் தள்ளி விட்டிருக்கான். ஒரு ஞாயித்துக்கிழமை மழைக்கு ஒதுங்கினவன் சபைக்குள்ள வந்து தூங்கிட்டான். முழிச்சப்போ என்னமோ காதுல விழுந்திருக்கு. தேம்பித் தேம்பி அழுதான் பாருங்க. அதோட குடி போச்சு, கை நீட்டற பழக்கம் போச்சு, ஆளே வேற.

இவரு சந்தோஷப்பட்டாருங்க, அதுல பொய் இல்ல. தம்பிக்குத் தன்னோட நல்ல சட்டையைப் போட்டு விட்டாரு. அப்புறம் ஒரு நாள் சாப்பிட உக்காந்தப்போ கேட்டாரு, எப்படிடா வந்துச்சு, நீ என்ன பண்ணேன்னு. அவன் சோத்துல கை வச்சபடி முழிக்கிறான். அண்ணே, நான் ஒண்ணுமே பண்ணலியேங்கறான். அதைச் சொல்லும்போது அவனுக்கே வெக்கமா இருந்துச்சு. இவரு சரி, சாப்பிடுன்னுட்டு எந்திரிச்சுப் போயி கை கழுவிட்டு வந்தாரு. இவரு தட்டுல போட்டது அப்படியே இருந்துச்சு.

ஆண்டவரைக் குறை சொல்வாருன்னு நினைச்சேன். சொன்னாக்கூட மனசு ஆறியிருக்கும். அதுவும் இல்ல. பட்டறையில ஒரு இரும்பை எடுத்து அச்சாக் கடையறேன், இன்னொண்ணை ஓரமாப் போடறேன், ஓரத்துல கிடக்கறது என்னைக் கேள்வி கேக்குதான்னாரு. இப்படிப் பேசற ஆளை என்ன சொல்லித் தேத்தறதுங்க?

அதான், போன வாரம் நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க. சபை முன்னால அவரை எழுப்பி நிறுத்தி, இவரு ஆண்டவர் தெரிஞ்செடுத்த ஆளுன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் அவரு மூஞ்சியைப் பாத்தேன். திருடாதவனைப் பிடிச்சு நிறுத்தினா எப்படி நிப்பான், அப்படி நின்னாரு. இல்லாததை இருக்குன்னு சொல்லி வாங்கிக்க அவருக்கு வராதுங்க. அதான் மறுநாளே சாவி.

ஐயோ, நீங்க மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தாங்க, டீ ஆறிடும்.

ஒண்ணு சொல்லணும். அவருகிட்டச் சொல்லிடாதீங்க. தம்பிக்கும் தெரியாது.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி அவரோட பட்டறைத் துணியைத் துவைச்சுகிட்டு இருந்தேன். முழங்கை வரைக்கும் சோப்பு. தண்ணி போற வழி வேற அடைச்சுகிச்சு, எரிச்சல்ல அதைக் குச்சியால குத்திகிட்டு இருக்கேன். ஜெபம் பண்ணல, ஆண்டவரை நினைக்கக்கூட இல்ல. அப்போ வந்துச்சுங்க. எப்படிச் சொல்ல... எனக்கு நினைவு தெரியறதுக்கு முன்னாடியே என்னை ஒருத்தருக்குத் தெரியும், விடவே மாட்டாருன்னு. அப்படியே ஈரத் துணி மேல உக்காந்துட்டேன். போயிரும்னு பாத்தேன், போகல. இப்போ உங்ககூடப் பேசும்போதும் இருக்கு.

ராத்திரியானா இவரு என் பக்கத்துல முட்டி போட்டுகிட்டுக் கேட்டுகிட்டே இருக்காரு. நான் திரும்பிப் படுத்துத் தூங்கற மாதிரி கிடக்கேன்.

இதை அவருக்கு மாத்தி விட ஏதாவது வழி இருக்குங்களா? நான் பழையபடியே இருந்துக்கறேன், எனக்குப் பழக்கந்தான்.

இல்ல, தெரியும். சும்மாதான் கேட்டேன்.