வால் வண்டிக்காரன்

டப் என்று சைலன்சரில் ஒரு வெடி வெடித்தால் மற்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். என் கை தானாக ஸ்பேனர் பையைத் தேடும். இப்போதுகூட உங்கள் வாசலில் எவனோ ஒருவன் வண்டி வெடித்ததும் நான் பாதி எழுந்துவிட்டேன், நீங்களே பார்த்தீர்கள். கார்புரேட்டரில் தூசி, வேறொன்றுமில்லை. காபி நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் காபியைப் பற்றி என் நண்பன் கஸ் சொன்னதெல்லாம் பொய்.

எங்கள் கூன் ஹாலோ ஊர்க் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோரிடமும் பழைய மோட்டார் சைக்கிள், அதைவிடப் பழைய முழங்கால். கல்யாண நாளை மறந்தாலும் பிளக் மாற்றிய நாளை மறக்காதவர்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பி மலைச் சாலையில் சுற்றுவோம். மதியம் நடீன் கடையில் பொரித்த சீஸும் பீரும்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். முன்னால் போகிறவன் தலை, வழி காட்டுவான். கடைசியில் வருகிறவன் வால், கருவிப் பையோடு வருவான். எவன் வண்டி நின்றாலும் மற்றவர்கள் நிற்காமல் போய்விட வேண்டும். வால் மட்டும் நிற்பான். அவன் வண்டியைச் சரி செய்து, ஆளையும் கூட்டிக்கொண்டு நடீன் கடைக்குள் நுழையும்போது எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். நின்றுபோனவன் வாலுக்கு ஒரு தட்டு சீஸ் வாங்கித் தர வேண்டும்.

இருபது வருடமாக நான்தான் வால். என் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போன சனிக்கிழமையும் நான் வாலாகப் போனேன். அவள் போனதே அதனால்தான் என்று கஸ் சொல்வான். அவன்தான் தலை. வாய் கொஞ்சம் நீளம்.

தொந்தரவு எப்படி ஆரம்பித்தது என்றால், வண்டிகள் நிற்பதை நிறுத்திவிட்டன. எல்லோரும் வீட்டிலிருந்தே நல்ல பாகங்களை வரவழைத்து மாட்டிக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க, பல் டாக்டர் லோவெலின் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். குழு எங்கள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

அதனால் கஸ் கழிவறைக்குப் போன நேரத்தில் அவன் வண்டியின் பெட்ரோல் டேப்பை முக்கால்வாசி மூடினேன். மலையேறும்போது வண்டி இருமி இருமி நின்றது. நான் போய்த் திறந்துவிட்டேன். அன்று நடீன் கடையில் எவ்வளவு சிரிப்பு, நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"யோவ் கஸ், பெட்ரோல் இல்லாம ஓடுற வண்டியா வச்சிருக்க?" என்றார் லோவெல்.

"போய்யா. என் வண்டி யோசிச்சு யோசிச்சுத்தான் ஓடும். உன்னை மாதிரி பல்லைப் பிடுங்கிட்டா யோசிக்கும்?"

பார்த்தீர்களா, அதற்குப் பிறகு சர்க்கரையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நான் தொடர்ந்து செய்தேன். ஒருவனுக்கு பேட்டரி வயர், ஒருவனுக்கு பிளக். லோவெலுக்கு முன்பிரேக் கேபிள். அது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வைக்கோல் போரில்தான் போய் மோதினார். கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து அந்தக் கதையை அவரே எத்தனை முறை சொல்லிச் சிரித்தார், கேட்டுப் பாருங்கள்.

பிறகு கிப் வந்தான். நல்ல பையன், நாற்பதுதான் இருக்கும். அவனிடம் ஒரு பழைய பிரிட்டிஷ் வண்டி. ஒவ்வொரு நட்டும் அசல்தான், மாற்றுப் பாகம் கிடையாது. நடீன் கடை வாசலில் எங்கள் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். அவன் வண்டிக்கு அடியில் தரை பளிச்சென்று இருந்தது.

"உள்ள எண்ணெய் ஊத்தியிருக்கியா, இல்ல தண்ணிதானா?" என்று கஸ் குனிந்து பார்த்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிளம்புவதற்கு முன்னால் தன் வண்டி உட்பட எல்லோர் வண்டியையும் கிப் சுற்றி வர ஆரம்பித்தான். தளர்ந்த நட்டை முடுக்குவான், முடுக்கியதன் மேல் மனைவியின் நகச்சாயத்தால் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பான். பொட்டு கலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் தளர்த்தியதை எல்லாம் அவன் இறுக்கினான். யார் மேலும் சந்தேகப்படவில்லை. அதிர்வில் தளர்ந்தது என்றே நினைத்தான்.

போன சனிக்கிழமை கஸ் என் தோளில் கை போட்டான்.

"வெர்ன், உனக்குக் கால் வலி. இனிமே கிப் வாலா வரட்டும். நீ என்கூட முன்னாடி ராஜா மாதிரி வா."

எல்லோரும் கைதட்டினார்கள். மரியாதை செய்வதாக நினைத்தார்கள், பாவம். கிப் என்னிடம் வந்து, "உங்க பையை எனக்குக் குடுத்துடுவீங்களா?" என்று கேட்டான். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன்.

ஒரு விஷயம் அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வாலே நின்றுபோனால் பின்னால் யார் இருக்கிறார்கள்? ஒருமுறை பட்டால்தான் புரியும் என்று நினைத்தேன். அன்றே பெட்ரோல் போட நின்ற இடத்தில், கிப்பின் செயின் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். செயினின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற, நகம் அளவு துண்டு அது. அது இல்லாமலும் செயின் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு கழன்று விழும், வண்டி மெல்ல ஓரமாக நிற்கும். சில சமயம் செயின் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். அது எனக்குத் தெரியும். ஸ்பேனர் பிடித்த எவனுக்கும் தெரியும். ஆனால் சில சமயம்தான்.

நடீன் கடையில் வெகுநேரம் காத்திருந்தோம். கிப் வரவில்லை. "நான் போய்ப் பார்க்கிறேன்" என்று எழுந்தேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

பாலத்துக்கு முந்திய வளைவில், பள்ளத்தில் கிடந்தான். வண்டி அவன் காலின் மேல் கிடந்தது. வண்டியைத் தூக்கி மேலே கொண்டுவந்து நிறுத்தினேன், என் முழங்காலோடு. தொடையிலிருந்து ரத்தம் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"வெர்ன், போன் பண்ணுங்க" என்றான்.

"இருப்பா, இதோ முடிஞ்சுது" என்றேன்.

என் போனில் சிக்னல் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. ஆனால் வால் வந்ததும் முதலில் வண்டியைத்தான் பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். செயின் நல்லவேளையாக அறுந்திருக்கவில்லை. லாக் பூட்டும் இணைப்புக் கண்ணி மட்டும் தெறித்துப் போயிருந்தது, பையிலிருந்து புதியதைப் போட்டு லாக்கை மாட்டினேன். பிறகு போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது கிப் போய்விட்டிருந்தான்.

இப்போது நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த செயின் லாக். அதில் சிவப்புப் பொட்டு இருக்கிறது, சரிதான். சாலையில் தெறித்துப் போயிருக்க வேண்டியது எப்படி திரும்ப வண்டியில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் பையில் புது லாக் இரண்டு இருந்தது. அதை மாட்டியிருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டீர்கள். ஆனால் அசல் பாகம் சட்டைப்பையில் இருக்கும்போது, அந்த மாதிரி ஒரு வண்டியில் கடைச்சரக்கை மாட்டுவதா? கிப் சம்மதித்திருக்கவே மாட்டான்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"நீங்க செயினை மாட்டி முடிச்சப்போ அவர் உயிரோடதான் இருந்தாரா, வெர்ன்?"

"இருந்தான் மேடம், அவனும் பார்த்தான். வண்டி ஒரே உதையில ஸ்டார்ட் ஆச்சு."